டாடாமொபைல் 206: நிற்கும் வண்டியைத் தேடுவது, பிரிப்பதா வேண்டாமா, எதைக் கழற்றலாம்?

ஆழியாறு (பொள்ளாச்சி)

என்னிடம் இருப்பது டாடாமொபைல் 206, ஒற்றை கேபின். இஞ்சினும் கியர்பாக்ஸும் நல்லபடியாக ஓடுகின்றன. கேபின் தரை, வலது கதவின் அடித்தகரம், முன் கிரில், இண்டிகேட்டர், பின் அச்சு ஹவுசிங்குக்குக் கிரவுன் பினியன் (பின் சக்கரங்களைச் சுற்றுகிற பல்சக்கர ஜோடி), இவ்வளவும் வேண்டும். பேரிங், ரப்பர், பிரேக் சாமான் எல்லாம் இன்றைக்கும் புதிதாக வாங்கிவிடலாம். தகரமும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்தான் கடையில் இல்லை. ஓடாமல் நிற்கிற இன்னொரு வண்டி கிடைத்தால்தான் உண்டு.

இதன் வம்சம் தெரியாதவர்களுக்கு: 1988-ல் டெல்கோ கொண்டுவந்த பிக்கப் இது. (டாடா மோட்டார்ஸ் என்ற பெயர் 2003-ல் வந்தது.) இதே அடித்தளத்தில்தான் 1991-ல் சியாரா, 1992-ல் எஸ்டேட், 1994-ல் சுமோ என்று வரிசையாக வந்தன. அதனால் சியாராக்காரர் தேடுகிற முகத் தகரம் பிக்கப்பில் இருக்கும். பிக்கப்காரர் தேடுகிற இஞ்சின் சாமான் சுமோவில் இருக்கும். 2020 ஆட்டோ எக்ஸ்போவில் சியாரா பெயரைத் திரும்பக் காட்டியதிலிருந்து, எனக்குத் தெரிந்த அளவில், பழைய சியாராவை எடுத்துக் கட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முகத்துக்காக மட்டும் ஒரு பிக்கப்பை வெட்டிவிட்டு மிச்சத்தை எடைக்குப் போடுவதையும் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை.

இப்போது விஷயம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நார் மில் கொட்டகைக்குப் பின்னால் ஒரு 206 நிற்கிறது. கண்ணாடி முழுசாக இருக்கிறது, கிரில் இருக்கிறது, ஸ்டியரிங்கில் கை வைத்தால் திரும்புகிறது. மில்காரர் "இரும்பு விலைக்கு எடுத்துக்கோங்க, இடம் காலியானா போதும்" என்கிறார். எனக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் நாலு சக்கரத்தில் முழுசாக நிற்கிற வண்டியைப் பிரிக்கலாமா? எழுப்பி ஓட்டக்கூடியதைப் பிரிக்கக் கூடாது என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

லேத்மேடு (கோவை)

தம்பி, உன் நியாயம் புரிகிறது. ஆனால் மில்காரருக்கு இடம்தான் வேண்டும். நீ யோசித்துக்கொண்டிருக்கிற வாரத்தில் உக்கடத்திலிருந்து ஒரு ஆள் கேஸ் கட்டரோடு போய் நிற்பான். அவனுக்குக் கிரில் தெரியாது, டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக முறுக்கிக்கொடுக்கிற இரும்புத் தண்டு) தெரியாது. எல்லாம் எடைதான். சாயங்காலத்துக்குள் கேபின் நாலு துண்டாக லாரியில் ஏறிவிடும். உன் கையில் வந்தால் அந்த வண்டி ஐந்தாறு வண்டிகளில் ஓடும். இதையும் காப்பாற்றுவது என்றுதான் நான் சொல்வேன்.

எழுப்ப முடியுமா முடியாதா என்று வெளித்தோற்றம் பார்த்து முடிவு செய்யாதே. சேசை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பார். சின்னச் சுத்தியல் ஒன்றும் மழுங்கின ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் போதும். பின் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற பிராக்கெட் சேசோடு சேருகிற இடம், முன்னால் டார்ஷன் பாரின் பின் முனை உட்கார்ந்திருக்கிற குறுக்குச் சட்டம், கேபின் மவுண்டிங் ரப்பருக்கு அடியில், இந்த மூன்று இடத்திலும் தட்டிப் பார். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உளுத்த இடம் சொத சொத என்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்து. உள்ளே போனால் அந்த வண்டி பிரிப்பதற்குத்தான்.

குறுக்குச் சட்டத்தில் ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதே. முன் சக்கரத்தின் சுமை முழுக்க அந்தப் பார் வழியாக அந்தச் சட்டத்தில்தான் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

---

புதுவண்டி (மதுரை)

அண்ணா, குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கும் ஒரு பழைய பிக்கப் வேண்டும், ஓட்டுவதற்குத்தான். இந்த மாதிரி நிற்கிற வண்டிகளை எங்கே தேடுகிறீர்கள்? ஆன்லைன் விளம்பரத்தில் வருவதெல்லாம் பெயிண்ட் அடித்த வண்டிகளாக இருக்கின்றன.

---

நாமக்கல் டீசல்

விளம்பரத்துக்கு வருகிற வண்டி ஏற்கெனவே வியாபாரி கை பட்டதுங்க. நிற்கிற வண்டிக்கு நேரில்தான் போக வேண்டும். எங்கள் பக்கம் கோழிப்பண்ணை, செங்கல் சூளை, பழைய அரிசி ஆலை. முட்டை ஏற்றிய பிக்கப்பை வாங்க வேண்டாம். கோழி எரு பட்ட தகரம் வெளியே நன்றாக இருக்கும், மடிப்புக்குள் அரித்திருக்கும். சூளையில் நிற்பது பரவாயில்லை. சூட்டுக்கும் புழுதிக்கும் தகரம் அவ்வளவாகத் துருப்பிடிக்காது, ஆனால் ஏர் ஃபில்டரைப் பார்க்காமல் ஓட்டியிருப்பார்கள், இஞ்சின் தேய்ந்திருக்கும். தகரத்துக்குச் சூளை வண்டி, இஞ்சினுக்கு வீட்டு வண்டி என்பது என் கணக்கு.

மலைப் பக்கம் வால்பாறை, கூடலூர் எஸ்டேட்டுகளில் கட்டுக்கட்டாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மழையில் கேபின் போயிருக்கும், கியர்பாக்ஸ், ஹவுசிங் நன்றாகக் கிடைக்கும். கடலோர வண்டி என்றால் சேசுக்குக் கீழே படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேட்கிற விதமும் இருக்கிறது. நேராகப் போய் "வண்டி கொடுக்கிறீங்களா" என்றால் விலை ஏறிவிடும் என்பதைவிட, அவர் மனசு மூடிவிடும். அப்பா ஓட்டின வண்டியாக இருக்கும். யார் ஓட்டினார், என்ன லோடு அடித்தது, கடைசியாக எதற்காக நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். "ஹெட் கேஸ்கட் போச்சு, அப்படியே விட்டுட்டோம்" என்று ஒரு வார்த்தை வரும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே வந்துவிடும்.

---

எழும்பூர்வாசி (சென்னை)

தேடுகிற இடத்தில் புதுப்பேட்டையை விட்டுவிட்டீர்களே. கூவத்துக்கு இந்தப் பக்கம் அந்தச் சந்துகளில் கதவு, டேஷ்போர்டு, ஹெட்லைட் என்று ஒவ்வொரு கடையும் ஒரு சாமானுக்குப் பேர் போனது. இப்போது 206 அங்கே அபூர்வம். ஆனால் சுமோ, ஸ்பேசியோ சாமான் இன்னும் வருகிறது. ஒரு விஷயம் கவனியுங்கள்: சுமோ என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் ஒரே இஞ்சின் இல்லை. முதலில் வந்த சுமோவில் 206-ல் இருந்த அதே 1948 சி.சி. 483 டி.எல். இஞ்சின். ஸ்பேசியோவில் இருப்பது 407 லாரி வழி வந்த 2956 சி.சி. டைரக்ட் இன்ஜெக்ஷன். இரண்டுக்கும் ஹெட், பிஸ்டன், பம்பு எதுவும் ஒத்துப்போகாது. கடையில் கையில் எடுத்துக் கொடுப்பவர் பையனாக இருந்தால் அவருக்கே தெரியாது. உங்கள் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். முகத் தகரத்துக்கும் இதேதான்: வருஷத்துக்கு வருஷம் கிளிப் துளை, லைட் மவுண்டிங் கொஞ்சம் மாறியிருக்கும்.

பில் கேளுங்கள். சின்னத் துண்டுச் சீட்டானாலும் கடை முத்திரையோடு வாங்குங்கள். மீரட் சோதிகஞ்ச் சந்தையை 2021 கடைசியில் போலீஸ் மூடியதற்குக் காரணம் திருட்டு வண்டிச் சாமான்தான். நேர்மையாகக் கடை நடத்துகிறவர்களையும் அது சேர்த்து அடித்தது.

---

தேனி வக்கீல்

சாமான் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. காகிதம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மாட்டுவது அங்கேதான்.

மில்காரர் இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் ஆர்.சி. அவர் பெயரில் உயிரோடு இருக்கும். வண்டி அழிந்துவிட்டால் அல்லது இனி ஓடவே முடியாது என்றால், உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 சொல்கிறது. பதிவை ரத்து செய்யாமல் பிரித்தால் வரி பாக்கி அவர் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். சேஸ் எண் துண்டு வேறு யார் கையிலாவது போனால் அதை வைத்து என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

இப்போது முறையாகச் சிதைப்பதற்கு 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். ஆனால் ஆழியாறு மாதிரி சாமானுக்காக எடுப்பவருக்கு அது பயன்படாது, வண்டி மொத்தமாக உள்ளே போய்விடும். உங்கள் விஷயத்தில் உரிமையாளரே பதிவு ரத்துக்கு விண்ணப்பிக்க, நீங்கள் கூட இருந்து முடித்துக்கொடுப்பது நல்லது. எங்கே, எப்படிப் பிரிப்பது என்பதையும் அதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சேஸில் குத்தியிருக்கிற எண்ணை நீங்களாக அறுக்காதீர்கள், அழிக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்பு இரண்டு பார்வை. பரிவாகன் தளத்தில் வரி, கடன், அபராதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் எண்ணைப் போட்டுத் திருட்டுப் புகார் இருக்கிறதா என்று. அப்புறம் இஞ்சின் மாற்றுகிறவர்கள் பிரிவு 52-ஐப் படியுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்த ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கும்போது இஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

---

நாமக்கல் டீசல்

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. முன்பெல்லாம் அரசு அலுவலகங்களில் கழிவு செய்த வண்டிகள் பொது ஏலத்துக்கு வரும், நம்மைப் போன்றவர்கள் முழு வண்டியாக எடுப்போம். 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவுப் புதுப்பிப்பு கிடையாது, அது சிதைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. நன்றாகப் பராமரித்த பஞ்சாயத்து யூனியன் வண்டிகளெல்லாம் நேராக நசுங்கப் போகின்றன. புகை, பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் அதிலுள்ள நல்ல சாமான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எளிதாக வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆதங்கம்.

---

வல்லை வெளி (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்திலயிருந்து ஒரு சொல். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் யாழ்ப்பாணத்தில் புதுச் சாமான் எண்டு ஒண்டும் வரேல்லை. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40-யும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள்ள சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். ஒரு வண்டியும் எறியப்படேல்லை. ஓடாததிலயிருந்து கழட்டி ஓடுறதுக்குப் பூட்டினாங்கள். அந்தக் காலத்து மெக்கானிக்மார் ஆரும் ஒரு நட்டைக்கூட வீசினதை நான் காணேல்லை.

2020-ல் வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு, 2025-ல் திரும்பத் திறக்கும் வரைக்கும் அதே நிலைதான் இருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஹைலக்ஸ் சாமானுக்கு நிண்ட சனம் கொஞ்சநஞ்சமில்லை. ஆழியாறு அண்ணை, பிரிக்கிறதெண்டால் முழுசாப் பிரியுங்கோ. உங்களுக்குத் தேவையானதை மட்டும் கழட்டிப்போட்டு மிச்சத்தை இரும்புக்குக் குடுக்காதேங்கோ.

---

ஆழியாறு

எல்லாருக்கும் நன்றி. மில்லுக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். லேத்மேடு அண்ணன் சொன்ன மூன்று இடத்தில் கேபின் மவுண்டிங் நன்றாக இருக்கிறது. பின் பிராக்கெட்டில் மேல் துரு மட்டும். ஆனால் டார்ஷன் பார் உட்காருகிற குறுக்குச் சட்டம் இடது பக்கம் போயே விட்டது. மேலே பேட்டரித் தட்டு வழியாக ஆசிட்டும் மழைத்தண்ணீரும் வருஷக்கணக்கில் வழிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் அழுத்தாமலே உள்ளே போனது. அங்கிருந்து சேசின் பக்கச் சட்டத்திலும் ஒரு சாண் தூரத்துக்குத் தகரம் பப்படம் மாதிரி உதிர்கிறது.

ஆக, பிரிப்பது என்று முடிவு. மில்காரரிடம் பேசிவிட்டேன், ஆர்.சி. அவரிடமே இருக்கிறது, பதிவு ரத்துக்கு நான் கூட வருகிறேன் என்றதும் அவருக்கும் நிம்மதி. திருட்டுப் புகார், கடன் எதுவும் இல்லை. இஞ்சின் இறுகி நிற்கிறது. வல்லை வெளி அண்ணை சொன்னபடி முழுசாகவே பிரிக்கிறேன். எந்த வரிசையில் கழற்றுவது, எதைத் தொடவே கூடாது, சொல்லுங்கள்.

---

லேத்மேடு

முதலில் கண்ணாடி. வேலை நடக்கும்போது ஒரு ஸ்பேனர் பறந்தால் போச்சு. முன் கண்ணாடி ரப்பரை நெம்பாதே. பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், நெம்பினால் ஓரத்தில் விரிசல் விடும். பிளேடால் ரப்பரின் வெளி உதட்டைச் சுற்றிலும் அறுத்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு பேர் உள்ளங்கையால் தள்ளுங்கள். கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வை.

அப்புறம் கிரில், லைட், டேஷ்போர்டு. பிளாஸ்டிக் வெயிலில் வெந்து போயிருக்கும். காலை வெயில் ஏறின பிறகு கழற்று. குளிரில் கிளிப் ஒடியும். வயரிங்கை எங்கேயும் வெட்டாதே, சாக்கெட் சாக்கெட்டாகப் பிடுங்கு. வராத சாக்கெட் இருந்தால் ஒரு அடி வயர் வாலோடு வெட்டு.

இப்போது டார்ஷன் பார். இதை நிதானமாகப் படி. பாரின் இரண்டு முனையிலும் பல் வெட்டியிருக்கும். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதுதான் வண்டியின் உயரம். கழற்றுவதற்கு முன்னால் பார் மேலும் அது நுழைகிற இரும்புக் கை (லீவர்) மேலும் ஒரே நேராகச் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்து. அட்ஜஸ்ட்மென்ட் போல்ட் எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது என்று அளந்து எழுது. சேசை ஸ்டாண்டில் ஏற்று, சக்கரம் தொங்கட்டும். முறுக்கு விட்ட பிறகு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. அது முழுசாகத் தளர்கிற வரை முகத்தையோ கையையோ அதற்கு நேரே வைக்காதே. உன் சட்டம் உளுத்தது என்கிறாய், அதனால் அந்த இடத்துக்கு அடியில் மரக்கட்டை அண்டக் கொடுத்துவிட்டு ஆரம்பி. வலதையும் இடதையும் மாற்றிப் பூட்டக் கூடாது. ஒரே பக்கமாக முறுக்கிப் பழகின இரும்பு, எதிர்ப்பக்கம் போட்டால் உடையும். எல்., ஆர். என்று முனையில் இருக்கும், துருவில் மறைந்திருந்தால் பெயிண்டால் எழுதிவிடு. பாரின் மேல் கீறலோ வெல்டிங் பொறி பட்ட தடமோ இருந்தால் அதை இரும்புக்குப் போடு.

---

நாமக்கல் டீசல்

இறுகின இஞ்சினை ஸ்டார்ட்டர் வைத்து ஆட்டாதீர்கள். இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, தினமும் கொஞ்சம் விட்டு ஊற விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கம்பி மாட்டின சாக்கெட் வைத்து முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். கால் சுற்று அசைந்தால் மிச்சம் தானாக வரும். வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் இறங்கின சிலிண்டர் எது என்று தெரிந்துவிடும். பிளாக் போனாலும் ஹெட், மேனிஃபோல்ட், ஃப்ளைவீல், ஹவுசிங் எல்லாம் பிழைக்கும்.

டீசல் பம்பைக் கழற்றின கையோடு எல்லா வாயையும் அடையுங்கள். மூடி இல்லையென்றால் சுத்தமான பாலிதீன் கட்டுங்கள், துணி வைக்காதீர்கள், நூல் உள்ளே போகும். எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் பம்பு வேலை செய்கிறவரிடம் பெஞ்சில் ஏற்றிக் காட்டிய பிறகுதான் வண்டியில் பூட்ட வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். பித்தளைத் தூள் மினுமினுத்தால் சின்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற பித்தளை வளையம்) தேய்ந்தது, மாற்றினால் போதும். இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்தது.

கிரவுன் பினியன் உங்கள் வண்டிக்குச் சேருமா என்று ஹவுசிங்கைத் திறக்காமலே பார்க்கலாம். ஒரு பின் சக்கரத்தைத் தரையில் அழுத்தி நிறுத்துங்கள், மற்றதை ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கின சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. சாக்பீஸில் கோடு போட்டு எண்ணுங்கள். இரண்டு வண்டியிலும் ஒன்றாக வந்தால்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கிரவுனையும் பினியனையும் ஜோடியாக, ஷிம்மோடு (இடைவெளி சரிசெய்கிற மெல்லிய தகட்டோடு) சேர்த்து எடுங்கள். ஒரு ஜோடியின் பல்லை இன்னொரு ஜோடியோடு சேர்த்தால் ஊளையிடும்.

---

எழும்பூர்வாசி

எதைத் தொடக் கூடாது என்று கேட்டீர்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் உள்சாமான், டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், சீட் பெல்ட், ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட். இவை எவ்வளவு மினுங்கினாலும் புதுசுதான். டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நின்ற வண்டியின் டயர் ஓடாமலே செத்திருக்கும்.

நட்டு, போல்ட், கிளிப் எல்லாம் சாமான் வாரியாகக் கவரில் போட்டு அந்தச் சாமானிலேயே கட்டுங்கள். கதவு விற்கிறவர்கள் கீலைத் தருவதில்லை, கீல் தருகிறவர்கள் அதன் போல்ட்டைத் தருவதில்லை. வாங்கினவர் திரும்பத் தெருத்தெருவாக அலைகிறார்.

---

புதுவண்டி

அண்ணா, நான் சியாரா வைத்திருக்கும் ஒருவரிடம் இந்த இழையைக் காட்டினேன். பானெட்டும் இரண்டு முன் ஃபெண்டரும் யாருக்கும் வேண்டாம் என்றால் அவர் எடுத்துக்கொள்கிறாராம். எஸ்டேட் கட்டுகிறவர் ஒருவரும் கேட்டார்.

---

ஆழியாறு

பானெட்டும் ஃபெண்டரும் எனக்கு வேண்டாம், என்னுடையது நன்றாக இருக்கிறது. கேட்கிறவர் பழைய தகரத்தோடு வந்து துளைக்குத் துளை வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். விலை மில்காரருக்குக் கொடுத்ததில் எடைக்கு உண்டான பங்கு, அவ்வளவுதான், மேலே ஒன்றும் வேண்டாம்.

கிரவுன் பினியன் எண்ணிப் பார்த்தாயிற்று, இரண்டு வண்டியும் ஒரே ரேஷியோ. பதிவு ரத்து வேலை முடிந்ததும் பிரிக்கத் தொடங்குகிறேன். நான் எடுத்துக்கொள்வது கேபின் தரை, வலது கதவு, கிரில், இண்டிகேட்டர், கிரவுன் ஜோடி. மிச்சம் இருப்பது: இடது கதவு கீலோடு, முன் கண்ணாடி, டேஷ்போர்டு முழுசு, கியர்பாக்ஸ், டார்ஷன் பார் இரண்டு, ஸ்டியரிங் பாக்ஸ், பின் லோடு பாடியின் மூன்று பக்கப் பலகை, பின் ஸ்பிரிங் பட்டைக் கட்டு. 206 ஓட்டுகிறவருக்கு முதல் உரிமை, அடுத்து சியாரா, எஸ்டேட். எந்த வருஷத்து வண்டி, எந்தச் சாமான் என்று இங்கேயே எழுதுங்கள்.

---

லேத்மேடு

இடது டார்ஷன் பார் எனக்கு எடுத்து வை தம்பி, 1990 வண்டி ஒன்று பட்டறையில் அதற்காகவே நிற்கிறது. குறுக்குச் சட்டத்தை அண்டக் கொடுக்க மரக்கட்டையும் ஸ்டாண்டும் நான் கொண்டுவருகிறேன். பாரைக் கழற்றுகிற அன்றைக்குத் தனியாக ஆரம்பித்துவிடாதே, நான் வந்து சேருகிற வரை பொறு.